விரலை எடுத்த பிறகும்

அக்காவின் அறைக்குள் அவள் நுழைந்தபோது நர்ஸ் மருந்து ஏற்றும் பம்பைத் தயார் செய்துகொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் மாட்டிய சிறிய பெட்டி, அதில் உள்ளங்கை அளவு திரை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. வலிக்கான மருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அத்தான் ஜன்னலோர நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் திரையில் கூட்டல் குறி போட்ட பொத்தானைத் தொட்டார். பொத்தான் ஜெல்லி போல அமுங்கி, ஒரு துள்ளு துள்ளி எழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அது அவள் செய்த பொத்தான்.

விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் புரோகிராமர். ஒவ்வொரு புது விளையாட்டுக்கும், ஒவ்வொரு புதுக் கருவிக்கும் பொத்தான், மெனு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி அலுத்துப்போய், அவற்றைத் தனியே ஒரு தொகுப்பாகப் பிரித்தெடுத்திருந்தாள். தாங்கள் எந்தக் கருவியில் இருக்கிறோம் என்பதே அந்தப் பொத்தான்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு கட்டம் வரைந்துகொடு, இங்கே எழுத்துப் போடு, விரல் எங்கே பட்டது சொல் என்று மட்டும் கேட்கும். அதைச் செய்துகொடுத்தால் போனிலும் ஓடும், டிவியிலும் ஓடும். "எந்த வீட்டுல வாழ்க்கைப்பட்டாலும் பொருந்திப் போற பொண்ணு" என்று கூட வேலை செய்யும் சோடாபுட்டி கிண்டல் செய்வான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தார்கள்.

அந்தப் பெண் இப்போது அக்காவின் தலைமாட்டில் இருந்தாள். ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

நர்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மருந்தின் அளவு மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறியது. விரலை எடுத்தார். எண் நிற்கவில்லை. ஏழு, பத்து, பதினான்கு என்று வழுக்கிக்கொண்டே போய் ஓய்ந்தது.

விளையாடுகிறவர்கள் அம்பும் ஈட்டியும் வாங்கும்போது எண் அப்படிச் சறுக்கி நின்றால் குஷியாக இருக்கும் என்று அவளேதான் எழுதியிருந்தாள்.

நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் கழித்தல் குறியைத் தட்டித் தட்டி எண்ணைக் குறைத்தார்.

"சிஸ்டர், அது எப்பவும் இப்படித்தான் ஓடுமா?"

"இந்தப் புது மெஷின் கொஞ்சம் துள்ளும்மா. எங்களுக்குப் பழகிடுச்சு. ஓடி முடிஞ்சதும் பார்த்துக் குறைச்சுக்குவோம்."

"அவசரத்துல பார்க்காம விட்டுட்டா?"

நர்ஸின் விரல் அந்தரத்தில் நின்றது. "நீங்க டாக்டரா?"

"இல்ல, நான் கேம் பண்றவ. இந்தப் பொத்தான் நான் எழுதினது. தயவுசெஞ்சு அக்கா கையில அதை மாட்டாதீங்க."

அத்தான் அலறியடித்து எழுந்தார். "என்னாச்சு? அவளுக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல அத்தான், உட்காருங்க."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சொன்னால் நம்புகிற விஷயமா இது? "திரையில மேல் மூலையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க சிஸ்டர்" என்றாள். சோதனை செய்வதற்காக அவள் வைத்த ரகசிய வழி அது.

எல்லாப் பொத்தான்களைச் சுற்றியும் சிவப்புக் கோடு விழுந்தது. கீழே அவர்கள் விளையாட்டில் வரும் குட்டி அணில் எட்டிப் பார்த்துக் கண்ணடித்தது.

"அய்யய்யோ, அணில்!" என்றார் நர்ஸ். சட்டென்று திரையிலிருந்து கையை எடுத்தார்.

அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, திருகு வைத்த பழைய பம்ப் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து மாட்டினார்கள். மருத்துவமனைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் வந்தார், தானும் அழுத்திப் பார்த்தார், உடனே போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் அந்த வகைப் பம்புகள் எல்லா வார்டிலிருந்தும் இறங்கிவிட்டன. நல்லவேளை, அதுவரை யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

பம்பைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து போனில் பேசியவர் மன்னிப்புக் கேட்டார், திருத்துவதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "உங்க தொகுப்பு அருமைங்க. ஒரு வரிகூட மாத்தல, அப்படியே ஓடிடுச்சு" என்றார். இதே பாராட்டு வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பாள். இன்று போனைக் கீழே வைத்தாள்.

சோடாபுட்டியிடம் சொன்னபோது முதலில் சிரித்தான், பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தான். இருவரும் உட்கார்ந்து அந்தச் சறுக்கலைத் தனியாகக் கழற்றிவைத்தார்கள். கேட்டு வாங்கினால் மட்டும் வரும். இல்லாவிட்டால் விரலை எடுத்த இடத்தில் எண் நிற்கும். பொத்தான் செத்துப்போச்சு என்று விளையாடுகிறவர்கள் திட்டி எழுதினார்கள்.

ஆனால் பழையதை யார் யார் எடுத்துக்கொண்டு போனார்கள், எதில் எதில் வைத்தார்கள் என்று அறிய வழியே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. பெட்ரோல் பங்கில், டிக்கெட் மெஷினில், லிஃப்டில், திரை எங்கே கண்ணில் பட்டாலும் பொத்தானை அழுத்திப் பிடித்து, சட்டென்று விரலை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

"ஏம்மா, டிக்கெட் எடுக்கறியா இல்ல ஜோசியம் பார்க்கறியா?" என்று வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள்.