புதன்கிழமைக் கயிறு

கயிற்றைப் பிடித்த பிறகுதான் அதை விட முடியாது என்பது லினெட்டுக்குப் புரிந்தது.

படகு ஒன்றும் வேகமாக ஓடிவிடவில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போலக் கால்வாயின் நடுவே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டை இழுத்து நீட்டியது போன்ற ஒடுக்கமான பச்சைப் படகு. கூரைமேல் விறகுக் கட்டும் வாடிய செடிகளும். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ‘அவசரமே இல்லை’ என்று பெயர். அதன் முன்பக்கக் கயிறு கரையோரப் புல்லில் ஊர்ந்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் நுனியில் இருந்த இரும்பு முளையும் கூடவே இழுபட்டது. வாரக்கணக்கில் மழையில் ஊறிய கரை முளையைத் துப்பிவிட்டிருந்தது. லினெட் குனிந்து கயிற்றை எடுத்தாள். அவ்வளவுதான். காற்று படகை அந்தப் பக்கம் தள்ள, கயிறு விறைத்து, அவளுடைய தோள்மூட்டு இரண்டும் ‘என்ன இது?’ என்று கேட்டன. குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். விட்டால் படகு குறுக்கே போய்க் கால்வாயை அடைத்துவிடும். கட்டலாம் என்றால் ஒரு மரம் இல்லை, முள்வேலிதான் இருந்தது. முளையை மறுபடி அடிக்கச் சுத்தியல் இல்லை.

“யாராவது உள்ள இருக்கீங்களா?” என்று கத்தினாள். ஜன்னல் திரைகள் அசையவில்லை. ஒரு வாத்து மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போயிற்று.

ஹார்ட்ஸ்பரியில் புதன்கிழமை என்றால் நடை. காலையில் மடாலயச் சுவருக்குப் பக்கத்தில் கூடி, மதியம் ஏதாவது ஒரு மதுக்கடையில் சூப்பும் ரொட்டியுமாக முடியும். ஒன்பது வருடம் லினெட்டும் நெவில் க்ராடக்கும் சேர்ந்துதான் அந்தக் குழுவை நடத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில், ஆறு கரைபுரண்டு கிடந்த நாளில், பாதை பிரியும் இடத்தில் நின்று கால்வாய்ப் பக்கம் போகலாம் என்றாள் லினெட். ஆற்றுப்பாதை வெறும் ஈரம்தான் என்றார் நெவில். பாதிப் பேர் அவளோடு போனார்கள், பாதிப் பேர் அவரோடு. கால்வாய்க் கரையிலிருந்து லினெட் பார்த்துக்கொண்டிருக்க, அவரோடு போனவர்களைத் தீயணைப்புப் படை வந்து மீட்டது. எல்லாருக்கும் மானம் கப்பலேறும் என்பார்கள், நெவிலின் மானம் ரப்பர் படகேறியது. படம் உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. அன்றிலிருந்து ஊரில் இரண்டு குழு. ஆற்றுக் கட்சி, கால்வாய்க் கட்சி. ரொட்டிக்கடை வாசலில் எதிரெதிரே வந்தாலும் தலைவர் இருவரும் வானிலையைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்வதில்லை. அந்த நாட்டில் அதற்குமேல் ஒரு விரோதம் கிடையாது.

இன்று அவளுடைய கட்சியில் ஒருவரும் வரவில்லை. தூறல்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மடாலயச் சுவரோரம் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, தலைவி என்பவள் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கத்தான் வேண்டும் என்று தனியாகக் கிளம்பினாள். இப்போது ஒரு வீட்டைக் கயிற்றில் கட்டி மாடு மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சைக்கிளில் ஓர் இளம் தம்பதி வந்து மணி அடித்தார்கள்.

“கொஞ்சம் வழி விடறீங்களா?”

“படகைப் பிடிச்சிட்டிருக்கேன்.”

“ஆமா, தெரியுது. ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கீங்க,” என்றாள் அந்தப் பெண் மனதார. இருவரும் சைக்கிளைக் கயிற்றுக்கு மேலாகத் தூக்கி வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து கழுத்தில் தொலைநோக்கி தொங்க ஒரு மனிதர் வந்தார். நின்று நிதானமாகப் பார்த்தார். “இதுக்குன்னே ஒரு முடிச்சு இருக்கு,” என்றார்.

“போடுங்களேன், புண்ணியமாப் போகும்.”

“முதுகு சரியில்லைங்க. ஆனா முடிச்சு இருக்கு.” அந்த ஆறுதலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பிறகுதான் அந்தச் சிவப்புக் கம்பளித் தொப்பி கண்ணில் பட்டது. பாலத்தடியிலிருந்து வெளியே வந்து, இவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, திரும்பிப் போனால் ஓடுவது போலாகிவிடுமே என்று கணக்குப் போட்டு, மறுபடி நடக்கத் தொடங்கியது. முழங்கால் வரை சேறு. கையில் ஊன்றுகோல். கயிற்றைப் போட்டுவிட்டு வேலிக்குள் புகுந்துவிடலாமா என்று லினெட் உண்மையிலேயே யோசித்தாள்.

“குட் மார்னிங், மிஸஸ் பாஸ்கோ.”

“குட் மார்னிங், மிஸ்டர் க்ராடக்.”

நெவில் கயிற்றைப் பார்த்தார். கயிற்றின் மறுமுனை வரை பார்வையை ஓட்டினார். “படகு வாங்கியிருக்கீங்களா?”

“இல்ல. காத்தாட நடக்கக் கூட்டிட்டு வந்தேன். உங்க ஆளுங்க எங்க? தண்ணிக்குள்ளயா?”

“இன்னிக்கு யாரும் வரல. ஜலதோஷம் சுத்திட்டிருக்கு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆத்துப்பாதையும் கொஞ்சம் ஈரமா இருக்கு.”

“கால்வாயோரம் நடக்கிறது குளியல் தொட்டியைச் சுத்தி நடக்கிற மாதிரின்னு யாரோ சொன்னாங்களாமே.”

“நான் நடக்கல. கடந்து போயிட்டிருக்கேன்,” என்றார் நெவில் விறைப்பாக. அப்போது ஒரு காற்று வீசி, லினெட்டின் குதிகால் சேற்றில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி வழுக்கியது. ஊன்றுகோலை எறிந்துவிட்டு அவர் அவளுக்குப் பின்னால் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

“விடுங்க, நான் பாத்துக்கறேன்,” என்றார்.

“நான்தான் முதல்ல பிடிச்சேன்.”

“அதுக்கு யாரும் கோப்பை தரப்போறதில்ல, மிஸஸ் பாஸ்கோ.”

இருவருமே விடவில்லை. சிறுவர் விளையாட்டில் ஒரே பக்கம் நிற்கும் இரண்டு பேரைப் போல, ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். இந்தக் கோலத்தில்தான் டாஃப்னி தன்னுடைய குட்டைக்கால் நாய்கள் இரண்டோடு வந்து சேர்ந்தாள். டாஃப்னி யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவள். ஆகவே இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

“அடடா! ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அப்ப நீங்களும் தோட்டக்கடைக்கு வந்துடலாமே!”

“எந்தத் தோட்டக்கடை?” இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

டாஃப்னியின் முகம் மெல்ல நிறம் மாறியது. நாய்களைப் பார்த்தாள். நாய்கள் உதவவில்லை. “அது... சும்மாதான். புதன்கிழமைல. அங்க செடி விக்கற இடத்துலயே டீயும் ஸ்கோன் பன்னும் நல்லா இருக்கும், சூடா. கால் வலிக்காது, பாருங்க. ஒருத்தர் ஒருத்தரா வந்து, இப்ப எல்லாரும்...”

“எல்லாரும்னா? யாரோட ஆளுங்க?” என்றார் நெவில்.

“ரெண்டு பேரோடதும்தான். பெரிய மேசையாப் போட்டுத் தந்திருக்காங்க. மழை நாள்ல மட்டும்தான்!”

ஹார்ட்ஸ்பரியில் மழை நாளில் மட்டும் என்றால் எப்போதும் என்று அர்த்தம்.

“எங்களைப் பத்தி என்ன பேசிக்கறாங்க?” என்று லினெட் கேட்டாள்.

“ஐயோ, ஒண்ணுமே தப்பாச் சொல்லல. கொஞ்சம் வேகமா நடப்பீங்கன்னு... அப்புறம்... ரெண்டு பேரும் பேச்சை நிறுத்த மாட்டீங்கன்னு.” நாய்கள் இழுப்பதாகச் சொல்லிக்கொண்டு டாஃப்னி போனாள். உண்மையில் அவள்தான் நாய்களை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

லினெட்டுக்கு முதலில் வந்தது கோபம். அது நெஞ்சுவரை வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமையை நம்பித்தான் அவளுடைய வாரம் நின்றது. கணவர் ஜெரால்ட் போன பிறகு செவ்வாய் என்பது புதனுக்குக் காலணியைத் துடைக்கும் நாள், வியாழன் புதனுக்காகக் கால் வலிக்கும் நாள். இன்னொன்றையும் அப்போது நினைத்துப் பார்த்தாள். இந்த இரண்டு வருடமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் நெவிலோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, நறுக்கு நறுக்கென்று, ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் வாதம் வைத்து. யோசித்துப் பார்த்தால், அவள் இவ்வளவு பேசிய மனிதர் வேறு யாரும் இல்லை. அவருக்குத்தான் அது தெரியாது.

“ஸ்கோன் திங்கறாங்களாம்,” என்றார் நெவில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

“சூடா,” என்றாள் லினெட்.

பிறகு அவரே முடிவுக்கு வந்தார். படகைக் கரைக்கு இழுத்தால் உள்ளே போய்ச் சுத்தியல் தேடிவரலாம். இழுத்தார்கள். அறுபத்தெட்டு வயதுக்கு அவர் ஏறியது அழகாகவே இருந்தது, முதல் காலை வைக்கும்வரை. இரண்டாவது கால் வழுக்கி, விறகுக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்படியே கதவில் போய் மோதினார். கதவு திறந்தது. ஊதா நிற அங்கியில், நரைமுடி எட்டுத் திசையும் பறக்க, கையில் கெட்டிலோடு ஒரு பெரிய அம்மாள் நின்றாள்.

“யாருய்யா நீ?”

“படகு அவிழ்ந்துடுச்சும்மா!”

“என்னது?”

“படகு! அவிழ்ந்துடுச்சு!”

“எதுக்குக் கத்தற? இரு, காதுல மெஷினை மாட்டிட்டு வரேன்.” மாட்டிக்கொண்டு வந்து முழுக் கதையும் கேட்டாள். அவள் பெயர் பெட்ரா. படகு ஆடியது நன்றாகத் தெரிந்தது, தொட்டில் மாதிரிச் சுகமாக இருந்தது, அதனால் எழுந்திருக்கவில்லை என்றாள். லினெட்டை எட்டிப் பார்த்தாள். “அது யாரு, உன் சம்சாரமா?”

“இல்லை!” என்று கரையிலிருந்தும் படகிலிருந்தும் பதில் வந்தது.

“இருந்தா எனக்கென்ன, இல்லாட்டி எனக்கென்ன. என்ஜின் உயிரை விட்டுடுச்சு. கெட்டில்ல இருக்கறதுதான் கடைசித் தண்ணி. குழாய் தொட்டிப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு.” இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கீங்க?”

இருவரும் குழாய் இருந்த திசையைப் பார்த்தார்கள். பிறகு கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்கள்.

படகு இழுப்பதில் முதல் பத்தடிதான் கஷ்டம். உயிர் போவது போல இருக்கும். பிறகு, ஏதோ மனம் மாறியது போல, அது தானாகவே பின்னால் வரத் தொடங்கும். அந்தக் காலத்தில் குதிரைகள் தேய்த்துப் போட்ட பாதைதான். இப்போது லினெட் வலது தோளிலும் நெவில் இடது தோளிலும் கயிற்றைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

“இடது காலை முதல்ல வை.”

“எனக்கு நடக்கச் சொல்லித் தராத, நெவில்.”

சொன்ன பிறகுதான் பெயரைச் சொல்லிவிட்டது தெரிந்தது. அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நடை சற்றே துள்ளியது. பின்னால் பெட்ரா சுக்கானைப் பிடித்துக்கொண்டு, “இழுங்க, இழுங்க, நல்லா வருது!” என்று உற்சாகப்படுத்தினாள்.

தொட்டிப்பாலத்தில் கால்வாய் ஆற்றின் தலைக்கு மேலேயே ஏறிக் குறுக்கே போகிறது. ஒரு பக்கம் அசையாத தண்ணீர், கைப்பிடிச் சுவருக்கு அப்பால், கீழே வெகு ஆழத்தில், புல்வெளியை எல்லாம் விழுங்கிவிட்டு மரங்களின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழுப்பு ஆறு. பாதிப் பாலத்தில் நெவில் அதைப் பார்த்தார்.

“அன்னிக்கு நீ சிரிச்ச,” என்றார்.

“ஊரே சிரிச்சுது.”

“ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நீ சிரிச்ச.”

லினெட் நின்றாள். அவரும் நின்றார். சமையலறை ஜன்னலைப் பார்த்து இரண்டு வருடமாகத் தயார் செய்து வைத்திருந்த வாதங்களில் ஒன்றுகூட இந்த வாக்கியத்துக்குப் பொருந்தவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தொப்பி நனைந்து காதோடு ஒட்டியிருந்தது.

“நெவில்,” என்றாள், எவ்வளவு மென்மையாக முடியுமோ அவ்வளவு மென்மையாக. “இடுப்பளவு தண்ணில நின்னுட்டிருந்தே. ஃபயர் சர்வீஸ்காரன் உன்னை அலாக்காத் தூக்கறான். அப்பவும் நீ குடையை விரிச்சுப் பிடிச்சிருந்தியே.”

“மழை பெய்ஞ்சுதே!” என்றார் நெவில்.

லினெட் உதட்டைக் கடித்தாள். வானத்தைப் பார்த்தாள். பயனில்லை, சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. நெவில் அவளை முறைத்தார். முறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக எங்கெங்கோ இளகி, தொப்பிக்குக் கீழே அவர் வாயோரம் துடித்தது.

அவர்கள் நின்றதைப் படகுக்கு யாரும் சொல்லவில்லை. அது தன் போக்கில் வந்துகொண்டிருந்தது. மூக்கு அவர்களைத் தாண்டியது, விறகுக் கட்டு தாண்டியது, வாடிய செடிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. கடைசியில் பெட்ரா, ஒரு கையில் சுக்கானும் மறுகையில் ஆவி பறக்கும் கோப்பையுமாக, அரசி ஊர்வலம் போவது போல இருவருக்கும் தலையசைத்துவிட்டு முன்னால் போனாள். தளர்ந்து தண்ணீரில் கிடந்த கயிறு அவள் பின்னால் மெல்ல நகரத் தொடங்கியது. அவர்கள் காலடியில் விழுந்திருந்த சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன.

“விடு, லினெட்.”

“நீ விடு முதல்ல.”

கயிறு சொட்டச் சொட்டத் தண்ணீரிலிருந்து எழுந்து நேராகிக்கொண்டிருந்தது.