கோபத்துக்கு முன்னால் இரண்டு கோடு

எங்கள் பேருந்து நிலையத்தில் ஆட்களை அப்படியே ஏற்றுவதில்லை. கட்டளை வரியாக மாற்றித்தான் ஏற்றுவோம்.

மாற்றுகிற நிரலை ரூபி என்ற கணினி மொழியில் எழுதியவன் நான். ஆள் ஹாஷாக வருவார்: ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பெயர், எதிரே ஒரு மதிப்பு. பேருந்துக்கு ஹாஷ் புரியாது. வரிசையாக நிற்கும் சொற்கள்தான் புரியும். மதிப்பு 'உண்மை' என்றால் பெயருக்கு முன்னால் இரண்டு கோடு போட்டு ஏற்றிவிடுவேன். 'பொய்' என்றால் கோட்டோடு 'இல்லா' என்றும் சேர்ப்பேன். மதிப்பே இல்லாத குணம் வண்டி ஏறாது.

அன்று காலை சம்பூர்ணம் என்பவர் தாராபுரம் போக வந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் அவருடைய அண்ணன் நாச்சிமுத்து படுத்திருந்தார். இந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு வராத அண்ணன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

சம்பூர்ணத்தின் 'கோபம்' காலியாக இருந்தது.

"கோபம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"தெரியலீங்களே."

"காலியா உட்டா அது இங்கயே நின்னுக்கும்ங்க."

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. நடத்துநர் விசில் ஊதினார்.

"அண்ணன் என்னையப் பழையபடி அம்மிணின்னு கூப்புட்டா கோபம் பொய்யின்னு வெச்சுக்கலாம். கூப்புடாட்டி?"

"நிரல் அதுவரைக்கும் காத்திருக்காதுங்க."

ஏற்கனவே ஏறிவிட்ட அவருடைய கண்ணீர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அதற்கு நிறைய மதிப்புகள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இருக்கை கொடுத்திருந்தேன்.

வண்டி நகர்ந்தது. சம்பூர்ணம் கூடவே ஓடினார்.

"உண்மைன்னே போடுங்க! அதை உட்டுட்டுப் போனா, ஏன் வரலீன்னு நான் எப்படிக் கேப்பேன்?"

இரண்டு கோடு போட்டேன். சம்பூர்ணம் உள்ளே ஏறினார்; கோபம் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போனது.

மத்தியானம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நாச்சிமுத்தே போன் செய்தார்.

"வந்ததும் வராததுமாத் திட்டுனா. நானும் திட்டுனேன். இப்ப ரெண்டு பேரும் இட்லி தின்னுட்டு இருக்கறோம். அம்மிணி ரெண்டு நாள் இருந்துட்டு வருவா, சொல்லச் சொன்னா."

கட்டளை நல்லபடியாக முடிந்தால் பூஜ்யம் திரும்பி வருவது வழக்கம். சாயங்கால வண்டியில் அது வந்து இறங்கியது. சம்பூர்ணத்தின் வீட்டுச் சாவி அதனிடம் இருந்தது. அவர் வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி வழி கேட்டது.

நடந்தால் தூரம், உருண்டால் பக்கம்தான் என்றேன்.