ஓரத்தில் கசிந்த சூடு

ராணிப்பேட்டைப் பக்கம் செயற்கைக்கோள்களுக்குப் போர்வை தைக்கப் புதிதாகத் தொடங்கியிருந்த சிறிய கம்பெனி அது. முதல் நாள் காலை பொறியாளர் பஞ்சாட்சரம் வேலையைப் பற்றி எதுவும் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த ராக்கெட் படங்களுக்கு முன்னால் ஹெலனையும் வஜீதாவையும் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்களைவிட வயதில் சிறியவர், பக்கத்துத் திமிரி ஊர்க்காரர்.

"ஜெயிச்ச கதைய எல்லாரும் சொல்வாங்கக்கா. நான் விழுந்த கதையச் சொல்றேன். எழுபத்தொம்பதுல மொத ராக்கெட்டு, கடல்ல போய் விழுந்துச்சு. எம்பத்தேழுல வேற ஒண்ணு, அதுவும் விழுந்துச்சு. மறுவருஷமும் விழுந்துச்சு. தொண்ணூத்திமூணுல இன்னொண்ணு. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல நெலாவுக்கே போயி, எறங்குற நேரத்துல விழுந்துச்சு."

"இன்னா சார், காலைலயே எழவு சேதி மாதிரி," என்றாள் வஜீதா.

பஞ்சாட்சரம் சிரித்தார். "விழுந்ததுக்கு அப்புறம் ஏன் விழுந்துச்சுன்னு ஒக்காந்து பாத்தாங்க. அதான் அடுத்தது போச்சு."

ஹெலன் முதல் ராக்கெட்டின் படத்தைப் பார்த்தாள். எழுபத்தொன்பதில் அந்த ராக்கெட்டைச் செய்தவர்கள் மறுநாள் காலை எப்படி எழுந்து வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்திருப்பார்கள். வழியில் பார்த்தவர்கள் ஏதாவது கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

இருவரும் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஒரே வரிசையில் மேல்தோல் தைத்தவர்கள். அமெரிக்க ஆர்டர் குறைந்ததும் அந்த வரிசையையே மூடிவிட்டார்கள். இங்கே ஒரு சாம்பிள் போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும். அது சோதனையில் தேறினால் இருவருக்கும் நிரந்தர வேலை, கம்பெனிக்கும் முதல் ஆர்டர். தேறாவிட்டால் திரும்ப வீடுதான்.

போர்வை என்றால் துணியல்ல. வெங்காயத் தோலைவிட மெல்லிய, பளபளக்கும் தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஒரு வலைத்துணி. காற்றில்லாத இடத்தில் தாள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்வரை சூடு ஒரு தாளிலிருந்து அடுத்ததற்கு எளிதில் தாவாது. "அழுத்தாதீங்கக்கா, அவ்ளோதான்," என்று பஞ்சாட்சரம் சொல்லியிருந்தார். மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல அந்தத் தாள்களை வைத்துத்தான் இருவரும் தைத்தார்கள். முடிந்ததும் பஞ்சாட்சரம் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "சூப்பர்கா, இன்னா ஒரு தையல்!" என்றார்.

சோதனைக் கூடு பெரிய இரும்பு அண்டா மாதிரி இருந்தது. போர்வையை உள்ளே வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, சூடு கொடுத்தார்கள். மாலையில் திரையில் எண்கள் வந்தன. அனுமதித்த அளவைவிட அதிகமான சூடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

பஞ்சாட்சரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தாளுதான் மட்டமா வந்துருக்கு. முழு ரோலையும் திருப்பி அனுப்பிடலாம்." அப்போதே தாள் அனுப்பியவர்களுக்குப் போன் போட்டுச் சத்தமாகப் பேசினார்.

ஹெலன் திரையையே பார்த்தாள். போர்வையின் நடுப்பகுதி எண்களில் சூடு குறைவு. நான்கு ஓரங்களில் மட்டும்தான் கசிந்தது. சரியாகத் தையல் போன வழியில்.

ஷூவில் தையல் போட்டால் அதைச் சுத்தியால் தட்டிப் படிய வைக்க வேண்டும். இல்லையென்றால் காலில் உறுத்தும். தட்டாத தையலை ஆம்பூரில் யாரும் தையல் என்றே சொல்வதில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற மாதிரி, யோசிக்காமலே, அவள் கை ஓரம் முழுக்கத் தட்டியிருந்தது. அழுத்தக் கூடாது என்பது அவள் மனதில் இருந்தது. கைக்குத் தெரியவில்லை.

வஜீதாவுக்கும் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் ஹெலனின் மணிக்கட்டைப் பிடித்து, "சும்மா இருடி," என்று கிசுகிசுத்தாள். "அவரே தாளுன்னுட்டாரு. நீ ஏன் பேஜார் பண்ற?"

ஷூ கம்பெனியில் அப்படித்தான். தரம் பார்ப்பவர்கள் தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். மேலாளர் வருவதற்குள் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒருத்திக்காக இன்னொருத்தி வாயை மூடிக்கொள்வாள். ஹெலனுக்காக வஜீதா எத்தனையோ முறை அப்படி நின்றிருக்கிறாள்.

ஹெலன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். ரோல் திரும்பிப் போகும். புது ரோல் வரும். அதிலும் இதே கை தட்டும். அதுவும் விழும். ஏன் விழுகிறது என்று இவர்கள் யாருக்கும் கடைசிவரை தெரியாது.

"சார். போன வைங்க. நான்தான் தட்டிட்டேன்."

"இன்னா தட்டினீங்க?"

பையிலிருந்து சின்னச் சுத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "தையல் போட்டா தட்டணும் சார். கைப்பழக்கம்."

பஞ்சாட்சரம் சுத்தியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

வஜீதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மழுமழுன்னு இருந்துச்சுல்ல சார்? நீங்கதான தடவிப் பாத்துட்டு சூப்பர்னீங்க?"

"ஆமா," என்றார் அவர் மெதுவாக. "நானுந்தான் சொன்னேன்." மறுபடி போனை எடுத்தார். "அண்ணே, உங்க தாளு நல்லாத்தான் இருக்கு. தப்பு எங்க பக்கம்." பிறகு முதலாளி அப்துல் ஹமீதின் அறைக்குப் போனார். கதவு நெடுநேரம் மூடியே இருந்தது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "ரோல்ல இன்னும் ஒரு போர்வைக்குத் தாளு இருக்காம். ஒண்ணே ஒண்ணுதான்கா."

மறுநாள் வஜீதா முதல் வேலையாகச் சுத்தியைத் தன் பையில் போட்டுப் பூட்டினாள். "வேணும்னா சாயங்காலம் எடுத்துனு போயி உன் வூட்டுக்காரர் தலைல தட்டு."

தைக்கும்போதெல்லாம் ஹெலனின் வலது கை மேசையில் எதையோ தேடியது. நூலை இழுத்து இறுக்காமல் விடுவதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். கடைசியில் ஓரம் ஊதிப்போய், பழைய தலையணை மாதிரி இருந்தது. பார்க்கவே கூசியது.

கூட்டின் கதவு மூடியது. பம்பு ஓட ஆரம்பித்தது. பஞ்சாட்சரம் டீ வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்கள். எண்கள் மெல்ல இறங்கின. ஓர் இடத்தில் நின்றன. மறுபடி இறங்கின. அனுமதித்த கோட்டுக்குக் கீழே போய், அங்கேயே நின்றுவிட்டன.

"அல்லா!" என்று வஜீதா ஹெலனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். டீ சிந்தியது.

பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "திங்கக்கெழமைலேர்ந்து ரெண்டு பேரும் ரெகுலரா வாங்க," என்றார். "இது சாம்பிளு, இங்கயே இருக்கும். அடுத்ததுதான் மேல போறது."

"அடுத்தது எது சார்?"

அவர் மூலையில் இருந்த துணியை விலக்கினார். பூசணிக்காய் அளவில் உருண்டையான ஓர் எரிபொருள் தொட்டி. அதற்கும் போர்வை போட வேண்டும், சுருக்கமே விழக் கூடாது என்றார். எப்படி வெட்டுவது என்று தனக்கும் இன்னும் தெரியவில்லை என்றார்.

ஹெலன் அதைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது.

"கஷ்டந்தான் சார்," என்றாள். "ஒட்டுற டேப் இருந்தா குடுங்க, மேல ஒட்டி உரிச்சு அளவு எடுத்துப் பாக்கலாம். மொத தடவ தப்பாத்தான் வரும்."