பீடி குடிக்காத காளான்கள்

காளான்காரியின் வீட்டில் மூன்றாவது கயிற்றுக் கொடியில் தொங்கிய காளான் பை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இருமத் தொடங்கியது. இரண்டு குட்டை இருமல், ஒரு நீளம், பிறகு ஒரு மூச்சிழுப்பு. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. அது அவள் கணவனின் இருமல். அவனோ பக்கத்து அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

சாக்கு ஆலையில், சணலைச் சீவும் இயந்திரத்தருகே பத்தொன்பது வருடம் நின்றவன் அவன். நெஞ்சு அடைத்ததும் ஆலை டாக்டர் "பீடிப் பழக்கம்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பீடியை அவன் விரலால் தொட்டதுகூட இல்லை. தூசி என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால், ஆலை அவனுக்கு மருந்து தந்தாக வேண்டும், தூசி உறிஞ்சும் விசிறியும் வைத்தாக வேண்டும். ஆலையில் தூசியே கிடையாது என்பது முதலாளியின் வாக்கு. ஆலை வாசலில் கொட்டிய கழிவு நாரை அவள் அள்ளிவந்து, வேகவைத்து, உலர்த்தி, வித்தோடு பையில் அடுக்கிச் சிப்பிக் காளான் வளர்த்தாள். அதில்தான் அடுப்பு எரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஒரு வாரம் மட்டும், நாரை வேகவைக்க மறந்து, வந்தபடியே அடைத்துவிட்டாள். வெந்நீரோடு போயிருக்க வேண்டிய ஆலைத் தூசியும், அதில் இருமியவர்களின் மூச்சும் பைக்குள்ளேயே தங்கிவிட்டன.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த வாரம் கட்டிய பதினொரு பைகளும் இருமின. ஆலைக்கு ஆள் அனுப்பாத வீடே இல்லாத அந்தத் தெருவின் பெண்கள் வந்து காது வைத்துக் கேட்டார்கள். "இது எங்க அண்ணன்." "ஐயோ, இது எங்க வீட்டுக்காரர்தான். அந்த மனுஷன் ஒரு தும்மல் போட்டுட்டுத்தான் இருமவே ஆரம்பிப்பாரு." ஆளுக்கொரு பையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கைப்பழக்கத்தில் "பீடிப் பழக்கம்" என்று எழுதினார்.

"காளான் பீடி குடிக்குமா, டாக்டர்?" என்றாள் காளான்காரி. "பத்த வைக்கக் கை வேணும், இழுக்க வாய் வேணும். கடவுள் இதுக்கு ரெண்டையும் குடுக்கல. உங்களுக்குக் குடுத்திருக்காரு. எழுதுங்க."

டாக்டர் எழுதவில்லை. மருந்து கலக்கும் கம்பவுண்டர்தான், வேலை போய்விடும் என்று தெரிந்தே, பதினொரு சீட்டிலும் தூசி என்று எழுதினார். எழுதிவிட்டு, வாடியிருந்த பைகளுக்குக் கொஞ்சம் தண்ணீரும் தெளித்தார்.

அவர் வேலை அன்றே போயிற்று. பெண்கள் சீட்டுகளோடு கொண்டுபோய் வைத்த பைகள் தொழிலாளர் அலுவலகத்து மேசையில் நான்கு மாதம் இருமின; ஒரு கோப்பைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியாத அதிகாரி கடைசியில் உத்தரவு போட்டார். மருந்து வந்தது. விசிறியும் வந்தது. அது சுழன்ற அன்று காளான்காரியின் கணவன் போய்ச் சேர்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

வீடு திரும்பிய பைகளில் பத்து அடங்கிவிட்டன. கம்பவுண்டர் இப்போது அவள் வீட்டில் நார் வேகவைக்கிறார். மூன்றாவது கொடியில் உள்ள பையில் மட்டும் அவள் காளான் பறித்ததில்லை. காலை ஏழு மணிக்கு அது இருமும். அவள் அதன் முதுகைத் தடவி, "மெதுவா, மெதுவா" என்பாள். மூச்சு சீரானதும் அடுத்த பைக்குத் தண்ணீர் தெளிக்கப் போவாள்.