மின்னல்களுக்கு நடுவே ஒரு கோடு

பல் செட் செய்பவரின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் பிளாஸ்டர் அச்சுகளும் மெழுகும் தேய்க்கிற மோட்டாரும். மறுபக்கம் அவரும் மச்சினனும் சேர்ந்து கட்டிய வானொலிப் பெட்டி. மச்சினன் பம்பு மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவன். பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றின்மேல் அவன் சுற்றிய செம்புக் கம்பி பளபளவென்று நின்றது. அங்கிருந்து ஒரு நீளக் கம்பி கூரைக்கு ஏறி, தெருமுனையில் சும்மா நிற்கும் தண்ணீர்த் தொட்டி வரை போனது.

பாட்டும் செய்தியும் வருகிற அலைகளுக்கெல்லாம் வெகு கீழே இருக்கும் அலைவரிசை அது. அங்கே மனிதர்கள் பேசுவதில்லை. உலகத்தின் மின்னல்கள்தான் படபடவென்று பொரிந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ஒரு சொல் போய்ச்சேர வேண்டுமானால், மோர்ஸ் குறியின் ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் இழுஇழு என்று இழுத்து அனுப்ப வேண்டும்.

"நம்மளவிட நத்தை தேவலை, மாமா" என்று மச்சினன் சிரிப்பான். முன்பின் தெரியாத யாராவது ஒருவர் தான் அனுப்புவதைக் கேட்டால் போதும் என்பதுதான் அவன் ஆசை. யாரும் கேட்பதற்குள் மாரடைப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகும் பல் செட்காரர் பெட்டியை நிறுத்தவில்லை. சாயங்காலமானால் சுவிட்சைப் போடுவார். அது 'பொடி', 'பொடி' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். குள்ளமான மச்சினனுக்கு அவன் அக்கா வைத்த செல்லப் பெயர் அது. அந்த அக்காதான் அவருடைய மனைவி. அவளிடம் இதை அவர் சொல்லவில்லை. வேலை நிறைய இருக்கிறது என்று பட்டறைக்குள் புகுந்துகொள்வார்.

ஒருநாள் மாலை, அலை வரும் திசையைக் காட்டும், கம்பி சுற்றிய மரச்சட்டம் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தெருவெல்லாம் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"மேல மலையில இருக்கிற ஆராய்ச்சி நிலையத்திலேர்ந்து வர்றேன். உங்க வீட்ல ஏதாவது டிரான்ஸ்மிட்டர் இருக்கா?"

அவர் மறைக்கவில்லை. பட்டறையைத் திறந்து காட்டினார். மின்னலிலிருந்து கிளம்பும் அலைகள் பூமியின் காந்தக் கோடுகள் வழியாக வானத்துக்கு ஏறி, விசில் மாதிரி இறங்கி வருவதைத்தான் அவள் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

"என் பதிவு முழுக்க உங்க கோடுதான் ஓடுது. ஒரு வருஷ வேலை வீணாப் போச்சு. இந்த மின்னல் சீசன் முடியறவரைக்குமாவது நிறுத்துங்களேன்."

"அங்க யாருமே இல்லைன்னு நினைச்சோம்மா."

"நான் இருக்கேனே!" என்றவள், கொஞ்சம் தணிந்து கேட்டாள். "அது என்ன, ஒரே வார்த்தை? பொடின்னு?"

டீயோடு வந்த மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். தேய்க்கிற மோட்டாருக்குப் பக்கத்தில் டம்ளர்களை வைத்தாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள்.

அன்றே அவர் பெட்டியை அணைத்து, ஆராய்ச்சிக்காரியிடமும் சொன்னார். மறுநாள் தொட்டியிலிருந்து கம்பியை அவிழ்த்து, சுருட்டிப் பட்டறைத் தரையில் போட்டார். மனைவி சாப்பாடு போடும்போது, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் ஆராய்ச்சிக்காரி போன் செய்தாள். குரலில் கோபம்.

"நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே, சார்?"

"கம்பியே கீழதாம்மா கிடக்கு. வந்து பாரு."

அவள் வந்து பார்த்தாள். சுருளைப் பார்த்தாள், தூசி படிந்த சுவிட்சைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் மலைக்கு வர முடியுமா?" என்றாள்.

"நானும் வர்றேன்" என்று மனைவி செருப்பை மாட்டினாள்.

நிலையம் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான். திரையில் மின்னல்கள் மழைச்சாரல் போல விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, மங்கலாக, விட்டுவிட்டு ஒரு கோடு.

"இது உங்க பெட்டி இல்லைன்னு இப்ப எனக்கே தெரியுது" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "மெஷின் அனுப்பினா எல்லாம் ஒரே நீளமா இருக்கும். இது ஏத்த எறக்கமா இருக்கு, கையால அனுப்பின மாதிரி. எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னும் புடிபடலை. சட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் கேக்குது."

பல் செட்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நீளம், நீளம். குட்டை, நீளம். மறுபடி நீளம், நீளம். குட்டை, கடைசியில் எல்லாவற்றையும்விட நீண்ட ஒரு நீளம். கடைசிக் கோட்டை அப்படி இழுத்து முடிப்பது ஒரே ஒருவனுடைய கைப்பழக்கம். எத்தனையோ தடவை அதற்காக அவனைத் திட்டியிருக்கிறார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என்னங்க, என்ன சொல்றான்?" மனைவி கிட்டே வந்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை.

"மாமான்னு."

செத்துப்போன மச்சினனைப் பற்றி அவர் ஆராய்ச்சிக்காரியிடம் சொன்னார். நிறுத்தச் சொல்லி வந்த அவளே மெல்லச் சொன்னாள்.

"வேணும்னா பதில் அனுப்புங்க, சார். என் பதிவு போனா போகட்டும்."

அவர் எழுந்தேவிட்டார். கம்பியை இருட்டுவதற்குள் கட்டிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாங்க."

"உன் தம்பிடி."

"அதான் சொல்றேன். நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க, அவனால போக முடியலை. இப்ப பதிலும் சொன்னா, அங்கயே நின்னுடுவான். சின்னதுல கடைக்கு அனுப்பினாகூட, நான் வாசல்ல நிக்கிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். நான் உள்ள போனாத்தான் நடப்பான்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மனைவி அழவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்திருந்தாள்.

கோடு பிறகும் சில நாள் வந்தது. ஒவ்வொரு நாளும் மங்கியது. மழை தொடங்கியதும் மின்னல்களுக்குள் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு தேடினாலும் கிடைக்கவில்லை. அந்த நாள்களின் பதிவை ஆராய்ச்சிக்காரி தன் கட்டுரையில் சேர்க்கவில்லை. அழிக்கவும் இல்லை.

பல் செட்காரர் அப்புறம் எதையும் அனுப்பவில்லை. ஆனால் அவர் மனைவி அவ்வப்போது மலைக்குப் போய்வரத் தொடங்கினாள். ஒருமுறை ஆராய்ச்சிக்காரி அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள். பொரிவும் நடுவே இறங்கும் விசில்களுமாக மின்னல்கள் காதுக்குள் நிறைந்தன. கண்ணை மூடிக் கேட்டவள், சட்டென்று அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"என்னக்கா, பயந்துட்டீங்களா?"

"இல்லம்மா. எவ்வளவு கூட்டம் இங்க. நான் நின்னா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மழை விடக்கூடக் காத்திராமல் இறங்கி நடந்தாள்.