அடுத்த பஸ்ஸில் வந்த குரல்

எனக்குத் தாளம் வராது என்று எங்கள் வீட்டில் முடிவாகி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு ஒன்பது வயதில் பாட்டு வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, "பெரியவ நல்லா வருவா. சின்னவளுக்குத் தாளம் நிக்கல, வீணா அனுப்பாதீங்க" என்றார். அப்பா மறுபேச்சு பேசவில்லை. அக்கா பாட்டு டீச்சர் ஆனாள், சொந்தமாகப் பாட்டுப் பள்ளி ஆரம்பித்தாள், மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். நான் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் சேர்ந்தேன். ஒரு தடவை முடிவு செய்ததை மறுபடி எடுத்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

போன வருஷம் மகள் புது டேப்லெட் வாங்கியதும் பழையது என் தலையில் விழுந்தது. அதில் பாட்டு செய்கிற ஆப் ஒன்று இருந்தது. திரை முழுக்கக் கட்டங்கள். எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அந்த இடத்தில் ஓர் அடி விழும். வெளியில் கேட்கிற சத்தத்தைப் பிடித்தும் கட்டத்துக்குள் போடலாம் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே என் பிரஸ் மெஷினைப் பிடித்துப் போட்டேன். மேல்தட்டு இறங்கும்போது ஒரு 'தொப்', நீராவி விடும்போது ஒரு 'ஸ்ஸ்'. பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் காது புளித்த சத்தம், கட்டத்துக்குள் போனதும் ஆளை எழுந்து ஆட வைத்தது.

பாட்டும் நானே எழுதினேன். ஊரெல்லாம் படுத்துப் புரளுகிற விரிப்பை நின்றபடியே தேய்க்கிற ஒருத்தி பாடுகிற பாட்டு. சாப்பாட்டு இடைவேளையில் துணி அடுக்கும் அறைக்குள் போய்ப் பதிவு செய்வேன். நான்கு சுவருக்கும் கூரை வரை டவல் அடுக்கியிருப்பதால் எதிரொலி எட்டிக்கூடப் பார்க்காது. மடிப்பு மேசையில் வேலை செய்கிற என் சிநேகிதி வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவாள்.

பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்த வயரில்லாத இயர்போனைக் காதில் மாட்டி, 'தொப்' விழுகிற இடத்தில் சரியாகச் சொல்லை வைப்பேன். திருப்பிப் போட்டுக் கேட்டால் சொல் பின்னால் வரும். 'தொப்' விழுந்து, ஒரு துளி கழித்துத்தான் என் குரல். நாற்பத்தாறு தடவை பாடினேன். முந்திக்கொண்டு பாடியும் பார்த்தேன், கண்றாவியாக இருந்தது. வாத்தியார் சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. அக்கா பள்ளியின் ஆண்டு விழாவில் வீட்டு ஆட்களும் பாடலாம். "என் பேரையும் போடுக்கா" என்று கேட்டேன். மாதிரி அனுப்பச் சொன்னாள். இருப்பதில் நல்லதாக ஒன்றைக் குடும்ப குரூப்பில் போட்டேன்.

ஐந்தாவது நிமிஷம் அத்தானின் குரல்பதிவு வந்தது. "பாட்டு நல்லாத்தான் இருக்கு மச்சினி. ஆனா தாளம் ஒரு பஸ்ல வருது, உன் குரல் அடுத்த பஸ்ல வருதே!"

வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். பதினோரு பேர். அதில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். கேட்டதற்குக் கை பட்டுவிட்டது என்றார். அன்றிலிருந்து எனக்கு 'அடுத்த பஸ்' என்று பெயர். இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "இந்த வருஷம் வேண்டாம்மா. அத்தனை பேர் முன்னாடி உனக்குத்தான் அசிங்கம். மனசுல வெச்சுக்காத." பட்டியலில் எழுதியிருந்த என் பெயரை அத்தான் அடித்துவிட்டாராம்.

மனசில் வைத்துக்கொண்டேன். வேறெங்கே வைப்பது?

அடுத்த வாரம் ஒரு நாள் இயர்போனில் சார்ஜ் இல்லை. சிநேகிதி தன்னுடைய வயர் இயர்போனைக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு பாடினேன். திருப்பிப் போட்டேன். சொல், 'தொப்' மேல் நச்சென்று உட்கார்ந்திருந்தது. தற்செயல் என்று நினைத்து மறுபடி பாடினேன். ஆறு தடவையும் அப்படியே.

"இது தெரியாதா உனக்கு?" என்றாள் சிநேகிதி. "அந்த வயரில்லாததுல சத்தம் லேட்டாத்தான் வரும். என் பழைய போன்ல சீரியல் பாத்தா வாய் முன்னாடி அசையும், பேச்சு அப்புறமா வரும். மாமியார் திட்டி முடிச்சப்புறம்தான் திட்டே கேக்கும்."

தாளம் என் காதுக்கே தாமதமாக வந்திருக்கிறது. நான் கேட்டதற்குச் சரியாகத்தான் பாடியிருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு உச்சந்தலை வரை கோபம்தான் ஏறியது. பழைய பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். முதல் வரியில் எவ்வளவு தாமதமோ, நடுவிலும் அவ்வளவு, கடைசியிலும் அவ்வளவு. தாளம் தெரியாதவள் ஒரு இடத்தில் முந்துவாள், ஒரு இடத்தில் பிந்துவாள். நான்கு நிமிஷம் ஒரு இம்மி பிசகாமல் பிந்த அவளால் முடியுமா? மடிப்பு மேசைக்காரிக்குத் தெரிந்தது, இருபது வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிற மனுஷருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

ஷிப்டு முடிந்ததும் நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். அத்தான் சுழல் நாற்காலியில் இருந்தார். அக்கா விழாப் பட்டியலைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், என் பாட்டைக் கம்ப்யூட்டர்ல போடுங்க. எவ்வளவு பிந்துதுன்னு அளந்து காட்டுங்க."

"அளக்க என்ன இருக்கு?" சிரித்தார். "வயரில்லாத புளூடூத் இயர்போன்தானே? முதல் வரியிலயே தெரிஞ்சிடுச்சு. மவுஸால பிடிச்சு இழுத்தா சரியாயிடும். இப்பவே இழுத்துத் தரவா?"

"தெரிஞ்சுமா சிரிச்சீங்க?"

"அட, சும்மா தமாஷுக்கு. இதுக்குப் போய்..."

அக்காவைப் பார்த்தேன். "உனக்கும் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுடி." பட்டியலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "உனக்குத் தாளம் வராதுன்னு நினைச்சுக்கிட்டே கேட்டேன். அதனால அதுதான் கேட்டுச்சு." சொல்லிவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வீட்டில் அந்தப் பார்வைக்கு அன்றைக்கு இராத்திரி பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது அவர் பாடு.

அத்தான் சமாதானத்துக்கு வந்தார். "சரி, விடு. மைக் ரெடியா இருக்கு. இப்ப ஒரு தடவை பாடிக் காட்டு. சரியா இருந்தா பேரைச் சேத்துடலாம்."

பாடியிருப்பேன். தொண்டை அரித்தது. ஒரே ஒரு வரி பாடினால் அவர் வாய் அடைத்துப்போகும். ஆனால் மறுபடி பரீட்சை, மறுபடி இவர் மார்க் போடுவார்.

"பாடிக் காட்ட வரல. பேரை எழுத வந்தேன். விழா அன்னைக்கு எல்லாரோட சேந்து நீங்களும் கேளுங்க."

"அன்னைக்கு சவுண்டு நான்தான் பாக்கறேன், தெரியும்ல?"

"என் பாட்டுக்கு வேண்டாம். என் டேப்லெட், என் வயர். நேரா ஸ்பீக்கர்ல சொருகிடுவேன். அந்த நாலு நிமிஷம் நீங்க ஓய்வா முன்வரிசையில உக்காருங்க."

பேனாவை அக்காதான் நீட்டினாள். பட்டியலின் அடியில் இடம் இருந்தது. நான் உச்சியில், தலைப்புக்கும் முதல் பெயருக்கும் நடுவில் இருந்த சந்தில், கொட்டை எழுத்தில் எழுதினேன்.

விழா அன்று இருநூறு பேர் இருந்தார்கள். பொய் சொல்வானேன், பயமாகத்தான் இருந்தது. வயரைச் சொருகி, டேப்லெட்டை ஸ்டாண்டில் வைத்து, தொடங்கும் பொத்தானைத் தொட்டேன். தொப். ஸ்ஸ். பின்வரிசையில் யாரோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. நான் பாட ஆரம்பித்தேன். சொல் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது, அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது வரியில் பயம் போய்விட்டது.

முன்வரிசையில் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே தப்பும் என்று காத்திருக்கிற முகம். பார்வையைத் தாழ்த்தினேன். அவருடைய வலது கால் செருப்போடு ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 'தொப்'புக்கும் ஒரு தட்டு. அது அவருக்கே தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாட்டை விடவில்லை. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் திரையில் விரலை வைத்து வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவருடைய காலும் கூட்டியது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.