பழுப்பு நிற ஸ்லாட்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மதியம். செகந்திராபாத்தை அடுத்த அல்வாலில் உள்ள எங்கள் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசைமீது ஒரு பழைய கணினியைப் படுக்க வைத்திருந்தோம். என் மனைவி சுபாஸ்ரீ கட்டடக் கலைஞர். தான் வடிவமைத்த வீட்டுக்குள் நடந்து போவதுபோல் ஓர் அசைபடம் செய்து, திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்குக் குறுந்தகட்டில் கொண்டுபோக வேண்டும். அது இல்லாமல் வரவே வேண்டாம் என்று அந்த அலுவலகத்தார் கூறியிருந்தனர். மென்பொருளோ, கிராபிக்ஸ் கார்டு இல்லாத எங்கள் கணினியில் திறக்க மறுத்தது.

என்னுடன் பணிபுரியும் இர்பான் அவர்கள், மல்காஜ்கிரி ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர், எங்களுக்காகச் செகந்திராபாத் கடைக்கே போயிருந்தார். அவருடைய அழைப்பை ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், ரெண்டே கார்டுதான் இருக்கு. ஒண்ணு ஏஜிபி, ஒண்ணு பிசிஐ எக்ஸ்பிரஸ். ஒண்ணோட ஸ்லாட்ல இன்னொண்ணு போகாது. வாங்கிட்டா திருப்பி எடுக்க மாட்டான். உங்க மதர்போர்டுல எந்த ஸ்லாட்டுன்னு பாத்துச் சொல்லுங்க. ஷட்டரை இறக்கறான் சார், இனி திங்கக்கிழமைதான் திறப்பான்!”

“ஒரே நிமிஷம், தயவுசெஞ்சு இருங்க” என்றேன்.

ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் பணி. ஆகவே கையுறை, முகமூடி, தலையுறை மூன்றையும் முறைப்படி அணிந்துகொண்டேன்.

“என்னங்க, அதுக்குப் பிரசவமா பாக்கப் போறீங்க?” என்றாள் சுபாஸ்ரீ.

திருகாணிகளைக் கழற்றி, பக்கத் தகட்டை மெல்ல எடுத்தேன். உள்ளே வெறும் இரும்புத் தகடு.

“இர்பான், மன்னிக்கணும். இதுல மதர்போர்டே இல்ல!”

கைப்பேசியில் பெருஞ்சிரிப்பு. “அது முதுகு சார்! மறுபக்கம் தொறங்க!”

மறுபக்கம் திறந்தோம். உள்ளே ஒரு கம்பளமே விரித்ததுபோல் தூசி. சுபாஸ்ரீ துணியை எடுத்தாள். நான் தடுத்தேன்.

“தொடாதே சுபா. இருக்கறத இருக்கறபடி முதல்ல பதிவு பண்ணணும். அதுக்கப்புறம்தான் துடைக்கணும்.”

“இது மாத்திரையா?”

நான் நிமிர்ந்து நின்று அறிவித்தேன். “இர்பான், வெள்ளை நிறத்துல மூணு ஸ்லாட். அதுங்களுக்கு மேல, பழுப்பு நிறத்துல தனியா ஒண்ணு.”

“பழுப்பா? அப்போ அது ஏஜிபி சார். ஹவ், ஆமா, பழுப்புன்னா அனேகமா அதுதான். பில் போடச் சொல்றேன்.”

“ரொம்ப நன்றி. ஒரு தடவ அளவும் எடுத்து...”

“அளவெல்லாம் நக்கோ, வேணாம் சார்!”

சுபாஸ்ரீ என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். கன்னம் உப்ப மூச்சை இழுத்துக் குனிந்து, பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பவள்போல் ‘ஃபூ’ என்று ஊதினாள்.

அறை மறைந்தது. அவள் தும்மினாள். முகமூடி அணிந்திருந்த நானும், என்ன காரணமோ, தும்மினேன். புகைமூட்டம் அடங்கியபோது, பழுப்பு ஸ்லாட் பளபளவென்று மஞ்சளாகக் கிடந்தது! அதன் ஓரத்தில், போர்டின்மீதே பொடி எழுத்துகள்.

“பி, சி, ஐ, ஈ...” என்று படித்தவள் கைப்பேசியைப் பாய்ந்து பிடுங்கினாள். “இர்பான்! எக்ஸ்பிரஸ்! ஏஜிபி வேணாம்! எக்ஸ்பிரஸ்! பில்லைக் கிழிங்க!”

“அரே, கைக்கு? ஏன் இப்படிக் கத்தறீங்க மேடம்! கடைக்காரனே பயந்துட்டான். இருங்க... மாத்திட்டேன், மாத்திட்டேன்!”

ஒரு மணி நேரத்தில் இர்பான் வந்தார். கார்டு ஸ்லாட்டில் ‘டக்’ என்று அமர்ந்தது. மானிட்டரின் கம்பியை அதில் செருகி, கணினியை இயக்கி, மென்பொருளை அழுத்தியதும் மூவரும் திரையை நோக்கிக் குனிந்தோம்.

திறந்தது. திரையில் ஒரு வாசல், பிறகு ஒரு கூடம், வளைந்தேறும் ஒரு மாடிப்படி. சுபாஸ்ரீ சுட்டெலியை நகர்த்த நகர்த்த, நாங்கள் அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம்.

“மேடம், சமையலறை எந்தப் பக்கம்?” என்று கேட்டார் இர்பான். “பசிக்குது.”

“முதல்ல மாடியைப் பாருங்க!” என்று கூவி, அவள் எங்கள் இருவரையும் படியேற்றி அழைத்துப் போனாள்.